அத்தை முட்டிக்கு வந்த மெக்சிகோ தைலம்

வேப்பந்தட்டை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மணிவண்ணன் அவர்களுக்கு, மாமனார் ராசாங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தை குஞ்சம்மாளின் நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு நீங்களும் என் மகள் கவியாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் நின்று திருத்துவாள் என்பதால், லீவு முடிந்து மெக்சிகோ திரும்பும் உங்கள் நண்பர் வேல்முருகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த வேல்முருகன் லீவில் வந்த புதிதில், கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, துண்டில் சுற்றிய பாட்டிலை என் கையில் திணித்து, "ஐயா, மணி குடுத்துவுட்டாப்ல. பாலைவனத்துல தானா மொளைக்கிற செடிங்க. வெட்டியாந்து குழியில போட்டுச் சுட்டு, நசுக்கி ஊறவச்சுக் காய்ச்சுறாங்க. ஒரே ஒரு குடும்பந்தான் பண்ணுது, கடையில கெடைக்காது. கொஞ்சங் கொஞ்சமா யூஸ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்கு முந்தின வாரந்தான் அத்தை தன் முட்டிவலியைப் பற்றிக் கவியாவிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். செடி, காய்ச்சுவது, கொஞ்சமாக என்றால் நாங்கள் வேறு என்ன நினைப்போம்? நானோ எறையூர் சர்க்கரை ஆலையில் மொலாசஸ் வாடையிலேயே காலம் தள்ளி மூக்கு செத்துப்போனவன். அத்தைக்கோ காட்டமாக இருந்தால்தான் அது மருந்து. பாட்டிலைப் போட்டோ எடுத்து உங்களுக்கு நன்றி சொன்னேன். "அளவா பாத்துக்கங்க மாமா" என்று பதில் போட்டீர்கள். அதையும் தைலத்துக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டோம். நான் குடிக்காதவன் என்பதைக் கவியாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அத்தை மகளிர் குழுத் தலைவி என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் பக்கத்து மதுக்கடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்க, திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குக் குழுவையே கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வரிசையில் நிற்க வேண்டுமே என்று இரண்டு முட்டியிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டாள். துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரே, காலையிலயேவா?" என்றார். எனக்குப் புரியவில்லை, காலையில்தானே மனு வாங்குவார்கள் என்று ஆமாம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனதால் உட்கார இடமும் கிடைத்தது. ஆபீசில் மனுவை வாங்கிய அம்மா இரண்டு வரி படித்துவிட்டு நிமிர்ந்து, "மதுக்கடைய எடுக்கச் சொல்லி வந்ததுல யாருங்க குடிச்சிருக்கீங்க?" என்றார். குழு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் அத்தையும் பார்த்தாள், அதுதான் எனக்கு மனசு விட்டுப்போனது. ஒரு போலீஸ்காரர் வந்து ஊதச் சொன்னார், ஊதினேன். "இவர் இல்லைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டே அவர் குனிந்து குனிந்து போய் அத்தை முன்னால் நின்றார். அத்தை அசரவில்லை. "வாயில இல்லைங்க சார், முட்டில இருக்கு. எங்க மருமவன் மெக்சிகோவுலேருந்து அனுப்புன மருந்து" என்றாள். நான் போட்டோவைக் காட்டினேன். அந்த அம்மா தன் போனில் தேடிப் பார்த்து, மெதுவான குரலில், "அம்மா, இது மருந்தில்ல, சாராயம். ஒசத்தியான சாராயம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், குழுவில் இருக்கும் லீலாவதி, "தலைவியே இப்படின்னா நம்ம மனுவ யாரு மதிப்பா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அத்தை சாப்பிடவில்லை. குழுவை விட்டு விலகிக்கொள்வதாகச் சொன்னாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவளே குழுவைக் கூட்டி, பாட்டிலை எல்லார் முன்னாலும் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். காலேஜ் படிக்கும் இலக்கியா லேபிளைப் போனில் படித்து, அந்தச் செடி வெட்டுப் பக்குவத்துக்கு வரவே பத்து வருசத்துக்கு மேல் ஆகும், அந்தக் குடும்பம் காட்டில் தேடிப்போய்க் கோடாலியால் வெட்டி எடுத்து வருகிறது என்று சொன்னாள். லீலாவதி பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், அத்தையை ஒரு பார்வை பார்த்தாள், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. குஞ்சம்மாளே தலைவி, பாட்டிலைக் கொட்டிவிடுவது என்று முடிவானது. அத்தை என்னிடம் நீட்டினாள். எல்லாரும் பார்க்க முருங்கை மரத்தடியில் ஒரு சொட்டு விடாமல் ஊற்றினேன். யாரோ பாடுபட்டுக் காய்ச்சியதாயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. போன வாரம் மதுக்கடையை அங்கிருந்து மாற்ற உத்தரவு வந்துவிட்டது. விசாரிக்க வந்தவர் முதலில் கேட்டது, "முட்டில தடவுன அம்மா யாருங்க?" என்றுதான்.

ஆகவே மாப்பிள்ளை, இனிமேல் அந்த நாட்டிலிருந்து செடி, வேர், பட்டை எதுவும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அத்தை மனசு மறுபடி நோகக்கூடாது. கவியாவுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடு நிறைவாக வாழக் கலியுகப் பெருமாள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் ராசாங்கம்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. மாமா கவரை ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு. கொட்டச் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சு, கூட்டத்துக்கு முன்னாடியே அந்தத் தைலத்த நல்லெண்ணெய் பாட்டில்ல மாத்திட்டு, மெக்சிகோ பாட்டில்ல தண்ணிய ஊத்தி வச்சிட்டேன். லீலாவதி மோந்து பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டா. சாயங்காலம் வந்து, "எனக்கு இடுப்புக்கு"ன்னா, குடுத்தேன். இப்ப நாங்க ரெண்டு பேருமே நல்லா நடக்கிறோம். அடுத்த தடவ பெரிய பாட்டிலா நேரா என் கையில குடுக்கச் சொல்லுங்க. மாமாவுக்குத் தெரிய வேண்டாம். அவரு ஊத்துனதுலேருந்துதான் முருங்கை இப்படிக் காய்க்குதுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.