டீக்கின் பேசும் பந்து

ஆகஸ்ட் வந்துவிட்டால் அலபாமாவின் ஆல்டர் கிரீக்கில் வெயிலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்பதே பேச்சு. பயிற்சியைப் போய்ப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் அதற்குக் கண்ணைத் திறக்க வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துகொள்ள வழி இருந்தது. லூசியஸ் டீக் என்ற மகான் கூடாரம் போட்டிருந்தார். அவருடைய பழைய தோல்பந்து பேசுமாம். அவர் காதில் மட்டும்.

இருபது டாலர் கொடுத்தால் முதல் ஆட்டத்தின் முடிவைச் சீட்டில் எழுதித் தருவார். யாருக்கும் காட்டக் கூடாது, காட்டினால் பலிக்காது. போன ஆண்டு பலித்தவர்கள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்கள். பலிக்காதவர்கள், மனைவி எட்டிப் பார்த்திருப்பாள் என்று அவளைத் திட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு பந்து கூடுதலாக ஒன்று சொன்னது: ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டார்னெல் ராசியில்லாதவன். உடனே அவனை நீக்கச் சொல்லி ஒரு மனு தயாரானது.

டார்னெலின் அம்மா நடீன், சுட்ட இறைச்சிக் கடை நடத்துபவள். மகன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கடைக்கே நாற்பது பேர் மனுவோடு வந்தார்கள். வந்த கையோடு சாப்பிடவும் உட்கார்ந்தார்கள்.

“தப்பா எடுத்துக்காத நடீன்,” என்றார் டயர் கடை ஹாய்ட். “பையன் நல்லவன்தான். ராசிதான் சரியில்ல.”

“போன வருஷம் எட்டு மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தப்ப அந்த ராசி எங்க போயிருந்துச்சு?”

“அப்ப பந்து அதைச் சொல்லலியே.”

நடீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “சரி. எல்லாரும் சீட்ட எடுங்க. ஒரே நேரத்துல மேசை மேல விரிங்க. எல்லாத்துலயும் ஒரே முடிவு இருந்தா, மனுவுல முதல் கையெழுத்து என்னோடது.”

அவர்களோடு வந்து, பந்தை மேசையில் வைத்துவிட்டு மூலையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த மகான் நிமிர்ந்தார். “பந்து கோவிச்சுக்கும்.”

“கோவிச்சுக்கட்டும். அதுக்கும் ஒரு தட்டு சோறு வைக்கிறேன்.”

யாரோ சிரித்தார்கள். ஹாய்ட்டுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தன் சீட்டை விரித்தார்: தோல்வி. பக்கத்தில் அவர் தம்பி விரித்தார்: வெற்றி. ஒவ்வொன்றாக நாற்பதும் விரிந்தன. இருபத்தொன்றில் வெற்றி, பத்தொன்பதில் தோல்வி.



“டீம் ஜெயிச்சாலும் பாதிப் பேருக்குப் பலிக்கும், தோத்தாலும் பாதிப் பேருக்குப் பலிக்கும்,” என்றாள் நடீன். “இதைச் சொல்லப் பந்து எதுக்கு?”

“அது... அவங்கவங்க மனசுக்கு ஏத்த மாதிரி...” என்று இழுத்தபடியே மகான் எழுந்து, சமையலறை வழியாக நழுவினார். பந்தைக்கூட எடுக்கவில்லை.

ஹாய்ட் மனுவை நாலாகக் கிழித்தார். நடீன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அப்போதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “முதல்ல காட்டினது ஹாய்ட்தானே? அதான் மத்த சீட்டெல்லாம் மாறிப் போச்சு.”

நடீன் பந்தைத் தூக்கி அந்தக் குரலின் மடியில் போட்டாள்.

“சனிக்கிழமை என் பையன் ஆடுவான், வந்து பாருங்க. அதுவரைக்கும் ஒண்ணு யோசிங்க. இதுக்குள்ள இருக்கறது வெறும் காத்து. உங்க தலைக்குள்ளயும் அதேதானா?”