ஆளுக்கொரு கால்

“ஹாரன் அடிச்சா ஊர்வலம் நகர்ந்திடுமா? கையை எடுடா அதுலேர்ந்து!” என்று தையல்கடைக்காரி தன் தம்பியை அதட்டினாள்.

தம்பி கையை எடுத்தான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. வேனுக்கு முன்னால் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு நடந்த கூட்டத்தில் பாதிப்பேர் திரும்பி முறைத்தார்கள். மீதிப்பேர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வேனின் பின்பக்கம், துணி மூட்டைகளுக்கு நடுவில், அவள் கணவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். காலையில் கடையின் பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடிக்க ஏணியில் ஏறியவர், ஏணியோடு சேர்ந்தே இறங்கிவிட்டார். வலது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவள் கையில் கிடைத்த லைனிங் துணியை அதில் சுற்றிக் கட்டி, தம்பியைப் போனில் கூப்பிட்டு, அவனுடைய சரக்கு வேனிலேயே ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தாள்.

தெருவில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை.

இன்று அவள் வெடிக்கக் காரணம் இருந்தது. ஒரு மாதமாக ஊரே மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அதே பேச்சு, டிவியில் அதே பேச்சு. அளவு கொடுக்க வந்தவர்கள்கூடக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே வாதாடினார்கள். ஒரு பெரிய மனிதர் வாதத்தின் வேகத்தில் தோளைக் குலுக்கிக் குலுக்கி, கடைசியில் அவர் சட்டைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இன்றைக்குச் சபையில் ஓட்டெடுப்பு. அதனால் ஊரில் இருந்த அத்தனை தொண்டையும் தெருவுக்கு வந்துவிட்டது.

அவள் வேனிலிருந்து குதித்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த விசில்காரரிடம் போனாள்.

“அண்ணே, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க. வீட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி அந்த முனையிலதான் இருக்கு.”

விசில்காரர் உருகிப் போனார். “அம்மா, உங்களுக்காகத்தானே இந்த ஊர்வலமே! காசில்லைங்கிறதுக்காக யாரும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான்...”

“நான் இன்னும் வாசலுக்கே போகலையே! நீங்கதானே நடுரோட்டுல நிக்க வச்சிருக்கீங்க!”

“சட்டம் வரட்டும்மா. அவசர சிகிச்சையைப் பத்திப் பதினாலாம் பிரிவுல தெளிவா இருக்கு.”

“அந்தப் பிரிவு வந்து கால்ல கட்டுப் போடுமா?”

விசில்காரர் யோசித்தார். “அதுக்கு விதிமுறை பின்னாடி வரும்.”

அவள் பல்லைக் கடித்தாள். அவருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். தன் தோளில் இருந்த மஞ்சள் ரிப்பனைக் கழற்றி வேனின் கண்ணாடியில் கட்டிவிட்டார். “இப்ப நம்ம வண்டி. யாரும் மறிக்க மாட்டாங்க. அந்தச் சந்து வழியாப் போயிடுங்க.”

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சிலர் வேனைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பின்னாலிருந்து கணவர் மெல்லக் கேட்டார். “ஏம்மா, நாம அந்தச் சட்டத்துக்கு ஆதரவா?”

“நாம ஆஸ்பத்திரிக்கு ஆதரவு. பேசாம படுங்க.”

சந்தில் திரும்பியதும் தம்பி பிரேக்கை மிதித்தான். எதிரே முழுக்க நீல ரிப்பன்.

“சம்பளத்துல கை வைக்காதே! எங்க டாக்டரை எங்ககிட்டேருந்து பிரிக்காதே! கம்பெனிக்காரன் கொழுக்க நாங்க ஏன் இளைக்கணும்?” என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் ரிப்பனைப் பார்த்ததும் முழக்கம் பாதியில் நின்றது.

“உளவு பார்க்க வண்டி விட்டிருக்கானுங்க!” என்று ஒரு குரல் எழுந்தது.

“காசு வாங்கிட்டு வந்திருக்கா!” என்றது இன்னொரு குரல்.

“காசு இருந்தா ஆம்புலன்ஸ்ல வந்திருப்பேன்டா!” என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் இறங்கினாள். மஞ்சள் ரிப்பனைப் பிய்த்தெறிந்தாள். பின்னால் இருந்த மூட்டையைப் பிரித்து, யாரோ ஒரு வாடிக்கையாளர் சட்டை தைக்கக் கொடுத்திருந்த நீலத் துணியில் ஒரு முழம் கிழித்து, அதே கண்ணாடியில் கட்டினாள். “போதுமா? இப்ப நான் உங்க ஆளு. வழியை விடுங்க!”

விட்டிருப்பார்கள். ஆனால் மஞ்சள் ஊர்வலத்தின் வால்பகுதி அந்த நேரம் பார்த்துச் சந்து முனையைக் கடந்தது. அவர்கள் தங்கள் ரிப்பன் தரையில் கிடப்பதைப் பார்த்தார்கள்.

“நம்ம வண்டியைப் பிடிச்சு வச்சு, ரிப்பனை மாத்த வச்சிருக்கானுங்கடா!”

விசில் ஒலித்தது. மஞ்சள் கூட்டம் சந்துக்குள் திரண்டு வந்தது. முன்னால் நீலம், பின்னால் மஞ்சள், நடுவில் வேன்.

இதற்கிடையில் ஒலிபெருக்கிக்காரர் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அவர் முகம் பிரகாசமானது.

“நண்பர்களே! இதோ, இந்தச் சட்டத்தின் முதல் பலி!”

“யோவ், அவர் உயிரோட இருக்காரு! அந்தச் சட்டமே இன்னும் வரலையே!” என்றாள் அவள்.

“வர்றதுக்கு முன்னாடியே இந்தக் கதின்னா, வந்த பிறகு?”

கைதட்டலில் சந்து அதிர்ந்தது. அவர் ஒலிபெருக்கியைக் கணவரின் வாயருகே நீட்டினார். “சொல்லுங்கய்யா, இந்த நேரத்துல நாட்டுக்கு நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?”

கணவர் எச்சில் விழுங்கினார். “வந்து... வலிக்குது.”

“கேட்டீங்களா! சாமானியன் சொல்றான், வலிக்குதுன்னு!”

“அந்த வலியைத் தீர்க்கத்தான்யா சட்டமே!” என்று விசில்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“வாயை மூடுங்கடா எல்லாரும்! ஒரு மாசமாக் கத்துறீங்களே, அந்தப் பிரிவு, இந்தப் பிரிவுன்னு! உங்கள்ல ஒருத்தராவது ஒரு நோயாளியைக் கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? பேச ஆயிரம் பேர் வர்றீங்க. தூக்க ஒருத்தன் வரலையேடா!”

இரண்டு பக்கமும் தலைகள் குனிந்தன. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷமே வண்டியை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

“நாங்க தூக்குறோம்!” என்றது நீலம்.

“தள்ளுங்கய்யா, நாங்க தூக்குறோம்!” என்றது மஞ்சள்.

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஐந்தாறு பேர் வேனில் ஏறியிருந்தார்கள். மஞ்சள்காரர்கள் கட்டுப் போட்ட வலது காலைப் பிடித்தார்கள். அடிபட்ட கால் அல்லவா, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தினார்கள். நீலக்காரர்களுக்கு இடது கால்தான் மிச்சம். அதை இறுக்கிப் பிடித்தார்கள்.

“முதல்ல தொட்டது நாங்க!”

“எங்க ரிப்பனைக் கட்டிக்கிட்டு வந்த ஆளுய்யா அவரு!”

“மச்சான், காப்பாத்துடா!” என்று கணவர் அலறினார்.

தம்பி ஓடிவந்து மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தன் பக்கம் இழுத்தான். ஆக, நடுநிலையும் இழுக்க ஆரம்பித்தது. நீலக்காரர் ஒருவர் கால் தவறிப் பின்கதவின் மேல் விழுந்தார். பிடித்ததை விடாமல் விழுந்தார். அவர் மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். கணவர் போட்ட ‘அம்மா’வில் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

துணி அளக்கும் இரும்புக் கஜக்கோல் வேனில்தான் இருந்தது. அவள் அதை எடுத்துச் சுழற்றினாள். மஞ்சள் முதுகு, நீல முதுகு என்று பார்க்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் இரண்டு தரப்புக்கும் சமநீதி கிடைத்தது அப்போதுதான்.

வழி திறந்தது.

ஆஸ்பத்திரியில் கணவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து எக்ஸ்ரே அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதை இறங்கவிடாமல் பிடித்துவைத்திருந்தாள்.

சுவரில் இருந்த டிவி அதற்கு உதவி செய்தது. அவள் ஒலிபெருக்கியோடு நிற்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ‘சட்டம் வேண்டும்: வீதிக்கு வந்த பெண்’ என்று கீழே எழுத்து. யாரோ சேனலை மாற்றினார்கள். அதே காட்சி. ‘சட்டம் வேண்டாம்: வீதிக்கு வந்த பெண்.’

“அக்கா, ரெண்டுலயும் நீ நல்லா விழுந்திருக்கே” என்றான் தம்பி.

அவள் பார்த்த பார்வையில் அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

அடுத்த செய்தியும் வந்தது. மேலும் ஆழமான விவாதம் தேவைப்படுவதால் ஓட்டெடுப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதாம்.

“இன்னும் ஆழமாவா?” என்று அவள் டிவியைப் பார்த்தே கேட்டாள். “இதுக்கு மேல தோண்டினா எங்களைப் புதைக்க வேண்டியதுதான்.” பெஞ்சில் இருந்த மற்ற நோயாளிகள் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள்.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளைஞர் இரண்டு படங்களை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், குழம்பினார்.

“அம்மா, ஏணியிலேர்ந்து விழுந்தப்ப அவருக்கு அடிபட்டது எந்தக் கால்?”

“வலது காலுங்க. ஏன், ரொம்ப மோசமா ஒடிஞ்சிருக்கா?”

“அது வெறும் சுளுக்கும்மா, வீட்டுல படுத்திருந்தாலே சரியாப் போயிருக்கும், ஒடிஞ்சிருக்கிறது இடது கால்.”