கிண்ணத்தின் அடியைப் பார்ப்பவர்

ரொறன்ரோவில் ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வருவார்கள், சுகம் விசாரிப்பார்கள், நீங்கள் நீட்டும் கண்ணாடிக் கிண்ணத்தில் முறுக்கா பகோடாவா என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்ப்பார்கள். முறுக்கு சரிந்து மடியில் விழும். விழட்டும். "உது ஆர் செய்தது?" என்பார்கள். கேட்பது முறுக்கைப் பற்றியல்ல, கிண்ணத்தைப் பற்றி.

நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன், உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் அழுத்திப் பூவும் முத்துமாக வார்த்துத் தள்ளிய தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை தங்கள் பெயரைப் பொறிக்கவில்லை. ஒன்று மூடினால் அதன் அச்சை இன்னொன்று வாங்கி அதே பூவை வார்த்தது. ஆகவே எது யார் செய்தது என்று அறுதியாகச் சொல்வது கடினம். கடினமா? இவர்களுக்கா? செத்த வீடானாலும் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடானாலும் பைக்குள் ஒரு பூதக்கண்ணாடி, ஓர் ஊதா ஒளி டோர்ச், பழைய விலைப்பட்டியல்களின் போட்டோகொப்பி இல்லாமல் படியிறங்கமாட்டார்கள். விரலால் சுண்டுவார்கள். காதை வைப்பார்கள். "நோவா ஸ்கோஷியா" என்று மாகாணத்தையே சொல்வார்கள். மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். பாஸ்போட்டைக் கையில் வைத்திருந்த எல்லை அதிகாரிகள்கூட இவ்வளவு உறுதியாக என் ஊரைச் சொன்னதில்லை.

இந்த இனத்தின் தலைமகன் எங்கள் இராசரத்தினம் அங்கிள். போன ஞாயிறு, ஸ்காபரோவில் கமலாம்பிகை அன்ரி வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரும் வந்திருந்தார்.

அன்ரியின் மகன் பிரியந்தன் கட்டப்போகிற ஜெசிகா, நான்காவது தடவையாகத் தன் கையால் ஓர் இனிப்பு செய்து கொண்டுவந்திருந்தாள். முதல் மூன்றையும் அன்ரி தொடவில்லை. "எனக்குச் சீனி வருத்தம், பிள்ளை." கோயிலில் இரண்டு லட்டு சாப்பிட்ட வாயால்தான் சொன்னார். இன்றைக்கும் தொடாவிட்டால் இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று ஜெசிகா காரிலேயே பிரியந்தனிடம் சொல்லிவிட்டாளாம். பிறம்ரனில் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்த கனத்த கண்ணாடிக் கிண்ணம். அது நிறைய மாம்பழப் புடிங்.

அங்கிள் பாய்ந்து வந்தார். "பிள்ளை, உதை ஒருக்காக் கவிழ்ப்பமோ?"

"அங்கிள், நோ! உள்ளுக்குப் புடிங் இருக்கு!"

கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி அடியைப் பார்த்தார். ஜெசிகா கீழே இரு கையையும் ஏந்தினாள். "ஒரே மஞ்சளாக் கிடக்கு," என்றார் அங்கிள். "வெளிச்சம் ஊடால வந்தாத்தான் தெரியும். அடியில கதிர்க் கோடு எண்டா கனடா, நட்சத்திரம் எண்டா அமெரிக்கா."

"அப்ப முடிச்சாத்தானே பாக்கலாம்," என்றான் பிரியந்தன், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அங்கிளுக்கு அது போதும். கரண்டியோடு மேசையைச் சுற்றினார். "கெதியாச் சாப்பிடுங்கோ! ஆராய்ச்சி நிக்குது! தங்கச்சி, நீங்களும் கை குடுங்கோ."

"அண்ணை, எனக்குச் சீனி..."

"மருமகள் கொண்டந்த சாமான் எவ்விடத்துச் சாமான் எண்டு உங்களுக்குத் தெரியவேண்டாமே?"

அன்ரி எட்டிப் பார்த்தார். புடிங்குக்குள் ஏதோ ஒரு கோடு தெரிந்தது. எந்தச் சம்பந்தம் பேசினாலும் எவ்விடம், ஆருடைய பிள்ளை, தாய்வழி என்ன என்று மூன்று தலைமுறைக்குத் தோண்டிப் பழகியவரால் ஒரு கோட்டோடு நிற்க முடியுமா? ஒரு கரண்டி எடுத்தார். கோடு நீண்டது. இன்னொரு கரண்டி. "இஞ்சால வளையுது அண்ணை," என்றார் வாய் நிறைய. நான்காவது கரண்டியில் கோடு தொண்டைக்குள் போய்விட்டது. அது மாம்பழ நார்.

வழித்துத் துடைத்த கிண்ணத்தை அங்கிள் கவிழ்த்தார், டோர்ச் அடித்தார், சுண்டினார். கதிரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. மொட்டை.

"சந்தேகமேயில்லை," என்றார். "கனடா."

அன்ரிக்குத் திருப்தியில்லை. "உவர் வடிவாப் பாக்கேல்லை. பிள்ளை, வாற ஞாயிறும் உதிலயே செய்துகொண்டு வாரும்."

மேசைக்குக் கீழே ஜெசிகா பிரியந்தனின் காலை நன்றாக மிதித்தாள். சந்தோசத்தில்தான்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படியில்லை, யார் எவ்விடம் என்று யாரையும் எதையும் கிண்டிப் பார்த்ததே இல்லை. நல்லது. ஆனால் இந்தப் பத்தியை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் விரல் கையிலிருக்கும் கோப்பையின் அடியைத் தடவிக்கொண்டிருக்கிறது. பொறுங்கள். தேநீரைக் குடித்துவிட்டுக் கவிழுங்கள்.