கைவண்டிக்கு வழிவிட்ட கூடைப்பந்து அணி

எனக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் இப்போதுதான் வந்திருக்கிறது. அறுபதுகளில் அது இல்லாததால்தான் தாராவிப் பையன்களுக்குக் கோச் ஆனேன். "காலேஜ் டீம்ல இருந்தேன்" என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தது யாராம்?

முதல் வேலையாகத் தாதரில் ஒரு விசில் வாங்கினேன். (கோச்சுக்கு அதுதான் முக்கியம்; பந்து அப்புறம்.) தோல் கிடங்குச் சுவரில் ஒரு பீப்பாய் வளையத்தை அடித்துவிட்டு, அதன் எதிரே சந்தில் தினமும் காலையில் பயிற்சி. மார்புக்கு நேராகப் பாஸ், குனிந்து டிரிப்ளிங், ஓடிவந்து ஒரு போடு. எல்லாம் லைப்ரரிப் புத்தகத்தில் முந்தின நாள் படித்தது.

அந்தச் சந்தில் தோல் ஏற்றிய கைவண்டிகள் வந்துகொண்டே இருக்கும். பந்து மேலே பட்டால் வண்டிக்காரர்கள் ஹிந்தியில் எங்கள் வம்சத்தையே விசாரிப்பார்கள். ஆகவே ஒரு நற்பழக்கத்தைப் புகுத்தினேன்: என் விசில் கேட்டால் பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அரைகுறைதான். இதில் மட்டும் எங்களிடம் பட்டாளமே தோற்றுப்போகும்.

லேத் பட்டறையில் வேலை பார்த்த செல்லத்துரைதான் கேப்டன். அவனுக்கு ஒரே ஆசை.

"சிமெண்டுத் தரையில ஆடணும், அண்ணாச்சி. வண்டி வராத எடத்துல."

மாட்டுங்காவில் ஒரு கிளப்பிடம் அப்படி ஒரு மைதானம் இருந்தது. அவர்கள் பையன்களை ஜெயித்தால் ஞாயிறுதோறும் எங்களுக்கும் அதை விடுவதாகக் கிளப் செயலாளர் வாக்குக் கொடுத்தார். (நாங்கள் தோற்போம் என்ற நம்பிக்கையில்.)

ஆட்டத்தின் கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து செல்லத்துரை கையில். அவன் அதைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், மைதானம் எங்களுக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது. பூரிப்பில் விசிலை எடுத்து மூச்சு உள்ளவரை ஊதினேன்.

என் கடிகாரம் அரை நிமிடம் வேகம்.

செல்லத்துரை பந்தைப் பதவிசாகத் தரையில் வைத்தான். ஐந்து பேரும் கோட்டோரம் போய், வராத கைவண்டிக்கு வழிவிட்டு நின்றார்கள். மாட்டுங்காப் பையன் ஒருவன் திகைத்துப்போய் நடுவரைப் பார்த்தான்.

"நான் ஊதலை. ஆடுங்கோ" என்றார் அவர்.

அவன் பந்தை எடுத்துக்கொண்டு போய், காவலில்லாத கூடையில் போட்டான்.

திரும்பும் வழியில் பையன்கள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்கள். செல்லத்துரை மட்டும் என் தோளிலிருந்த பந்துப் பையை வாங்கிச் சுமந்தான்.

பிறகு அவன் தங்கையைத்தான் கட்டிக்கொண்டேன். (விசிலைத் தூக்கிப் போட்டால் பெண் தருவதாகச் சொன்னார்கள்.) இன்றும் எங்கள் செம்பூர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால், செல்லத்துரை கையிலிருக்கும் காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நிற்பான். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

போன மாதம் ஒருவழியாகக் கேட்டேவிட்டேன்.

"ஏன் மச்சான், அது நடுவர் விசில் இல்ல, என் விசில்னு அன்னைக்கு ஒமக்குத் தெரியலையா?"

டம்ளரைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னான்:

"ஒம்ம விசில்னுதான் வச்சேன்."