சம்பந்திகிட்ட தோக்கப் போனேன்

ஞாயித்துக்கிழம காலையில எனக்கு ஒரே ஒரு வேலதான். மாரத்தான்ல ரெண்டாவதா வரணும்.

அவனவன் மொதல்ல வர்றதுக்கு உசுர வுடுறான், இவன் இன்னாடா ரெண்டாவதுக்கு அலையறான்னு கேப்பீங்க. சொல்றேன்.

என் பேரு தயாளன். வயசு அறுவத்திரெண்டு. ஆர்பர்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். இருவது வயசுல ஓட ஆரம்பிச்ச காலு, இன்னும் நிக்கல. நாப்பதுக்கு மேல, அம்பதுக்கு மேல, அறுவதுக்கு மேலன்னு நான் ஓடுற பிரிவோட பேருதான் மாறிக்கினு வந்துச்சே தவிர, ஐயா மொத எடத்த வுட்டு எறங்குனதே இல்ல. பரிசா வந்த ஹாட்பாக்ஸ எல்லாம் எடுத்து அடுக்குனா ஒரு கல்யாணத்துக்கு பந்தி போடலாம்.

"இந்த வயசுல எப்டி நைனா இந்த வேகம்?"னு இங்க நெறைய பேரு கேக்குறீங்க. ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல. காலையில வூட்ல இருந்தா என் சம்சாரம் சாந்தி எதாவது வேல சொல்லும். அவ்ளோதான்.

இப்ப விசயத்துக்கு வரேன். எங்க பொண்ணு பிரியாவுக்கு கல்யாணம் நிச்சயமாயி கீது. அதுவா பாத்து புடிச்ச புள்ள. நாங்க ராயபுரத்துல கடலுக்கு போற குடும்பம். அவங்க திருச்செந்தூர் பக்கத்துல இருந்து வந்து சாத்தாங்காட்டுல இரும்புக் கட வெச்சிருக்குற குடும்பம். ரெண்டு வூட்டையும் தலையாட்ட வெக்கிறதுக்குள்ள அந்த பொண்ணு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. கடைசியா எறங்கி வந்தது மாப்ளயோட அம்மா செல்வராணி. அவங்க இன்னும் முழுசா எறங்கலன்னு சாந்திக்கு ஒரு பயம்.

நிச்சயதார்த்தத்துல சம்பந்தி முத்துராஜ் என் எதுர்க்க வந்து ஒக்காந்தாரு. மனுசன் என் மூஞ்சிய பாக்கல, கெண்டக்கால பாக்குறாரு. நானும் அவரு கெண்டக்காலத்தான் பாத்துக்கினு இருந்தேன். கல்லு மாதிரி கீது.

"நீங்களும் ஓடுவீகளோ?"ன்னாரு.

"சொம்மா, ஒடம்புக்கு"ன்னேன்.

"நானும் சும்மாதான்"ன்னாரு.

ரெண்டு பேரும் பொய். அப்பால விசாரிச்சா, அவரு மதுர, கோயமுத்தூர்னு ஊர் ஊரா போயி கெலிச்சுக்கினு வர்ற ஆளு. வயசு அறுவத்தியொண்ணு. இந்த வருசம் நம்ம ஏரியா மாரத்தானுக்கு பேரு குடுத்துட்டாரு. அதே அறுவதுக்கு மேல பிரிவு.

சாந்தி என்ன சோத்துத் தட்டு முன்னாடி ஒக்கார வெச்சு சொல்லிச்சு. "த பாரு. பொண்ணு குடுக்குற எடம். ஊரே பாக்க சம்பந்திய தோக்கடிச்சிட்டு வந்து நிக்காத. அந்தம்மா அத மனசுல வெச்சுக்கினு நம்ம பொண்ண ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். ஒரே ஒரு தபா ரெண்டாவதா வா. உசுரா பூடும்?"

உசுருதான் பூடும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பிரியா பக்கத்துல நின்னுக்கினு, "உன்னால முடியுமாப்பா?"ன்னு கேட்டுச்சு. கிண்டல் இல்ல, நெசமாவே கவலயா கேட்டுச்சு. அப்புறம் இன்னா பண்றது. முடியும்மான்னுட்டேன்.

ஞாயித்துக்கிழம விடியறதுக்கு முன்னாடியே திருவொத்தியூர்ல கூடிட்டோம். வடக்க எண்ணூரு, தெக்க ராயபுரம்னு போயி போயி வந்து, கடைசியில திருவொத்தியூர்லயே முடிக்கணும். கண்டெய்னர் லாரிங்கள ஒரு பக்கமா ஒதுக்கி வுட்டு, மறு பக்கம் எங்களுக்கு.

முத்துராஜ் என்ன பாத்து கைய கூப்புனாரு. "சம்பந்தி, நீங்க முன்னால போங்க."

"ஐயோ, நீங்க போங்க சம்பந்தி."

"பொண்ணு வீட்டுக்காரவுக, நீங்கதான் முன்னால."

"மாப்ள வூட்டுக்காரரு நிக்கும்போது நான் போலாமா?"

இப்டி ஆளுக்காள் குனிஞ்சு குனிஞ்சு கும்புட்டுக்கினு இருந்ததுல விசில் ஊதுனதே தெரியல. பின்னால நின்ன ஒரு பொண்ணு, "அங்கிள், ஓடுறீங்களா, இல்ல கும்புடு போட்டுக்கினே நிக்கிறீங்களா?"ன்னுச்சு. ஓடுனோம்.

என் திட்டம் என்னன்னா, மெதுவா ஓடுறது. கேக்க சுளுவா கீதுல்ல? நாப்பது வருசமா வேகமா ஓடிப் பழகுன காலு. மூள மெதுவா போன்னு சொல்லுது, காலு யார்ரா நீன்னு கேக்குது. பக்கத்துல முத்துராஜ் வேற தோளோட தோளா வர்றாரு. எண்ணூர் போறதுக்குள்ளயே எங்க வயசுக்காரங்க மொத்த பேரையும் தாண்டிட்டோம். எனக்கு பேஜாராப் போச்சு.

பேச்சு குடுத்தா வேகம் கொறையும்னு பேச்சு குடுத்தேன்.

"முட்டி எப்டி சம்பந்தி?"

"இருக்கு. ஒங்களுக்கு?"

"எனக்கும் கீது. மாத்திர?"

"பிரசருக்கு ஒண்ணு. நீங்க தினம் வெரசா ஓடுவீகளா?"

"சேச்சே. வாரத்துல ஒரு நாளுதான் உசுரு போவ ஓடுவேன். மிச்ச நாளு பாட்டு பாடிக்கினே ஓடுற மாதிரிதான்."

"அதேதான் நானும். நம்ம வயசுப் பயலுவ தினம் உசுர குடுத்து ஓடி, முட்டி தேஞ்சு ஒக்காந்துட்டானுவ. நாம வேகத்த கொஞ்சங் கொஞ்சமா செலவு பண்ணிருக்கோம்."

அட, நம்ம ஜாதிடா இந்தாளுன்னு எனக்கு மனசு குளுந்து போச்சு. இத்தன வருசத்துல இத புரிஞ்சுக்கினு பேசுன மொத மனுசன். அந்த சந்தோசத்துல ரெண்டு பேரும் இன்னும் வேகமா ஓடிட்டோம்.

சரி, பேச்சு வேலைக்காவாதுன்னு குனிஞ்சு ஷூ கயிறு கட்டுனேன். அவரும் நின்னு, ஒழுங்கா கட்டியிருந்த கயித்த அவுத்து கட்டுனாரு. தண்ணி குடுக்குற எடத்துல நின்னு நிதானமா குடிச்சேன். அவரு என்ன வுட இன்னும் ஒரு கிளாஸ் சேத்து குடிச்சாரு. கெண்டக்கால புடிச்சுக்கினு நரம்பு இழுக்குதுன்னு ஒக்காந்தேன். மனுசன் மண்டி போட்டு என் கால நீவி வுட ஆரம்பிச்சிட்டாரு. சம்பந்தி நடு ரோட்ல நம்ம கால புடிக்கிறத சாந்தி பாத்தா, அன்னிக்கே எனக்கு காரியம் பண்ணிடும். எழுந்து ஓடுனேன். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு நரம்பு இழுத்துக்கிச்சு. இப்ப நான் நீவி வுட்டேன்.

முடிய கொஞ்ச தூரமே கீது. காலடிப்பேட்டை வந்தாச்சு. இன்னும் நாங்கதான் முன்னால. இதுக்கு மேல தாங்காதுன்னு ரோட்டோரம் இருந்த டீக்கடையில போயி ஒக்காந்துட்டேன். "மாஸ்டர், ஒரு டீ."

பின்னாலயே கொரலு. "எனக்கும் ஒண்ணு. சீனி கம்மியா."

டீ மாஸ்டர் எங்க நெஞ்சுல குத்தியிருந்த நம்பர பாத்தாரு. எங்க மூஞ்சிய பாத்தாரு. "இன்னா நைனா, ரேஸு கேன்சலா?"ன்னாரு.

முத்துராஜ் டீய ஒரு வாய் குடிச்சிட்டு பெருமூச்சு வுட்டாரு. "சம்பந்தி, மறைக்காம சொல்லிருதேன். எங்க வீட்டம்மா உத்தரவு. பொண்ணு குடுக்குறவுகள ஊர் முன்னால தோக்கடிச்சு அசிங்கப்படுத்தாதீக, விட்டுக்குடுத்துட்டு வாங்கன்னு சொல்லிப்புட்டா. தயவுசெஞ்சு ஜெயிச்சிருங்க."

எனக்கு டீ பொரையேறிடுச்சு. "சம்பந்தி, எங்க வூட்லயும் அதே உத்தரவுதான்!"

சிரிச்சோம் பாருங்க, பெஞ்சு ஆடிச்சு. கடைசியில ஒரு ஒப்பந்தம் போட்டோம். ரெண்டு பேரும் கையக் கோத்துக்கினு ஒண்ணா கோட்ட தாண்டுறது. ரெண்டு பேருக்கும் மொத எடம், ரெண்டு வூட்லயும் சோறு. பிரியா மூஞ்சிய நெனச்சு பாத்தேன். மனசு லேசாச்சு.

அப்பதான் பின்னால ரேடியோ சத்தம் கேட்டுச்சு.

சபாபதி சார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். இடுப்புல குட்டி ரேடியோவ கட்டிக்கினு பழைய பாட்டு கேட்டுக்கினே ஓடுவாரு. வருசா வருசம் எனக்கு அடுத்து ரெண்டாவதா வர்ற மனுசன். எங்கள பாத்து கைய ஆட்டுனாரு. "டீ நல்லாருக்கா?"ன்னு கேட்டுட்டு போயிக்கினே இருந்தாரு.

நான் முத்துராஜ பாத்தேன். அவரு கிளாஸ கீழ வெச்சிட்டாரு. "சம்பந்தி, அவரு போறாரே."

"ஆமா சம்பந்தி. போறாரு."

ரெண்டு பேரும் எழுந்துட்டோம். டீ மாஸ்டர் காசு காசுன்னு கத்துறது காதுல வுழுது, காலு நிக்கல. ஒடம்புல தேக்கி வெச்சிருந்த மொத்தத்தையும் எடுத்து ஓடுறோம். சபாபதி சார் திரும்பிப் பாத்தாரு, பயந்துட்டாரு, வேகத்த கூட்டுனாரு. ரேடியோ கழண்டு அவரு முட்டியில அடிக்குது, பாட்டு குதிச்சு குதிச்சு வருது. கூட்டம் நிக்கிற எடத்துக்கு கொஞ்சம் முன்னாடி அவர தாண்டிட்டோம்.

முடிவுக் கோடு தெரியுது. அந்தாண்ட சாந்தி, பிரியா, செல்வராணி அம்மா மூணு பேரும் வரிசையா நிக்கிறாங்க. கையக் கோக்கணும்ல? நான் கைய நீட்டுனேன். சத்தியமா நீட்டுனேன்.

முத்துராஜ் கைய குடுக்கல. அர அடி முன்னால போனாரு.

அர அடிதான். ஆனா அத பாத்ததும் என் ஒடம்புல இருந்த இருவது வயசுக்காரன் எழுந்துட்டான். நான் முந்துனேன். அவரு முந்துனாரு. நான் மறுபடி முந்த, பின்னால இருந்து என் பனியன புடிச்சு இழுக்குறாரு சம்பந்தி! இரும்பு தூக்குன கையி, பனியன் ஒரு சாண் நீண்டு போச்சு. அவரயும் சேத்து இழுத்துக்கினு நெஞ்ச முன்னால தள்ளி கோட்டுல வுழுந்தேன்.

மொத எடம்.

கூட்டம் விசிலடிக்குது. நான் தல நிமுந்து பாத்தா, சாந்தி என்ன பாக்குற பார்வ இன்னும் கண்ணுலயே கீது. பிரியா கையப் பெசஞ்சுக்கினு நிக்குது. பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டோமேன்னு மெதுவா எழுந்தேன்.

செல்வராணி அம்மா நேரா வந்தாங்க. என்ன தாண்டி போயி, முட்டிய புடிச்சுக்கினு நாக்கு தள்ள நின்ன அவங்க வூட்டுக்காரர் முன்னால நின்னாங்க. மூஞ்சி பூரா சிரிப்பு.

"நான் சொன்ன மாதிரியே விட்டுக்குடுத்துட்டீகளே"ன்னாங்க.

முத்துராஜ் மூச்சு வாங்குனாரு. என்ன பாத்தாரு. சம்சாரத்த பாத்தாரு. மெதுவா நிமுந்தாரு.

"பொண்ணு வீட்டுக்காரவுகள்லா? கடைசியில கொஞ்சம் விட்டுட்டேன்"ன்னாரு.

வுட்டுட்டாராம். என் பனியன் முதுகுல அவரு அஞ்சு வெரலும் இன்னும் பொடச்சுக்கினு நிக்குது.

"அண்ணே, கேட்டீகளா?"ன்னு செல்வராணி அம்மா என் பக்கம் திரும்புனாங்க. அப்டியே பிரியா கையப் புடிச்சாங்க. "ஒங்க மாமா மனசு அப்படிம்மா. நம்ம வீட்ல யாரும் யாரையும் ஜெயிக்கணும்னு நெனைக்க மாட்டோம். நீ ஒண்ணும் பயப்படாம வா, என்ன?"ன்னு சொல்லி, தன் தலையில இருந்த பூவ கிள்ளி அது தலையில வெச்சாங்க. நிச்சயம் ஆன நாள்ல இருந்து அந்தம்மா எம்பொண்ண தொட்டுப் பேசுனது அதான் மொத தபா. பிரியாவுக்கு கண்ணு தளும்பிடுச்சு.

மேடையில மொத பரிசா ஒரு கிரைண்டர் குடுத்தாங்க. முத்துராஜ் கூட வந்து ஒரு கை புடிச்சு எறக்குனாரு. "வச்சுக்கிடுங்க சம்பந்தி. ஒங்க வீட்டுக்கே போகட்டும்"ன்னு பெரிய மனசு பண்ணி குடுத்தாரு. என் கிரைண்டர எனக்கு.

அதோட வுட்டாரா? ரெண்டு குடும்பமும் சுத்தி நிக்கும்போது, "என்ன சம்பந்தி, நான் விட்டுத்தானே குடுத்தேன்?"ன்னு என்ன பாத்து கேக்குறாரு.

பனியன திருப்பிக் காட்டலாம்னு கையி வரைக்கும் வந்துச்சு. பிரியா பூவோட நின்னுக்கினு என்னயே பாக்குது.

"ஆமா சம்பந்தி. நீங்க வுட்டீங்க, நான் வந்தேன்"ன்னேன்.

ஆட்டோவுல கிரைண்டர மடியில வெச்சுக்கினு ஒக்காந்திருந்தேன். சாந்தி என் தோளத் தட்டிச்சு. "பரவால்லய்யா, சொன்ன மாதிரியே தோத்துட்ட."