கல் குளிர்ந்த கதை

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யிருந்தாலும் இந்தக் குளிர்காலம் முழுக்க என் நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்பு பற்றாமல் போகட்டும். பின்லாந்துக்காரன் இதற்கு மேல் எதன்மேல் ஆணையிட?

என் பக்கத்து வீட்டு ஒஸ்மோ காது இரண்டையும் சிம்பொனிக் பவர் மெட்டல் இசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டவன். குதிரைப்படை ஓடுவதுபோல் டிரம்ஸ், கல்யாண ஊர்வலம் அளவுக்கு வயலின்கள், நடுவே வாள் தூக்கிய ஒருத்தன் அலறல். இதுதான் அவனுக்கு வேதம். நூர்மெஸ் ஊர் வாரப் பத்திரிகையில் இசைத்தட்டுகளுக்குத் தீர்ப்பு எழுதுவதும் அவன்தான்.

தீர்ப்புச் சொல்லும் வியாதி வீட்டுக்குள்ளும் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, சவுனாவில் கொதிக்கும் கல்மேல் தண்ணீர் ஊற்றியபடி மனைவி ஐலி பாடினாள்.

"வாய மூடு ஐலி. நீ பாடினா கல்லே குளிர்ந்து போகுது."

மூடினாள். அதோடு அந்த வீட்டில் பாட்டு நின்றது. இவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

போன கோடையில் ஐலி அடிக்கடி வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"லக்காப் பழம் பறிக்க."

"எந்தச் சதுப்புல?"

"ஏய்யா, எங்கம்மா சாகும்போதுகூட அவ பழம் பறிக்கிற எடத்த எனக்குச் சொல்லல. உனக்குச் சொல்லணுமோ?"

நியாயம்தானே! பெண்டாட்டியின் பெட்டியைக் குடைந்தாலும் மன்னிப்பு உண்டு. லக்காப் பழம் காய்க்கும் ரகசியச் சதுப்புக்குப் பின்தொடர்ந்து போனவனோடு எங்கள் ஊரில் யாரும் காபி குடிக்க மாட்டார்கள். ஒஸ்மோ வாசலிலேயே நின்றுவிட்டான். சாயங்காலம் வாளி காலியாகத் திரும்பியது.

"என்ன, ஒண்ணுமில்லயா?"

"இந்த வருஷம் கொசுதான் காய்ச்சிருக்கு."

இலையுதிர் காலத்தில் 'பனிக்கோட்டை' என்ற புது ஆல்பம் வந்தது. பக்கத்து நகரத்தில் பதிவு செய்தது. ஒஸ்மோ கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் சட்டென நின்றது. கோரஸிலிருந்து ஒரே ஒரு பெண்குரல், ஏரிமேல் மூடுபனி எழுவதுபோல் எழுந்தது. ஒஸ்மோ மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினான்:

'டிரம்ஸ் அதிகம். பாடகன் கதவிடுக்கில் விரல் மாட்டியவன்போல் கத்துகிறான். ஆனால் அந்தக் குரல்! அது மட்டும் என் வீட்டில் ஒலித்தால், என் தட்டுகள் அத்தனையையும் தானம் செய்வேன்.'

அச்சாயிற்று. ஊரே படித்தது. ஐலியும் காபி மேசையில் உரக்கப் படித்தாள்.

"நெசமாவா ஒஸ்மோ?"

"எழுதினா எழுதினதுதான்!"

அவள் எழுந்து கோப்பையைக் கழுவப் போனாள். கழுவியபடியே ஒரே ஒரு வரி பாடினாள். மூன்றாவது பாட்டு. அதே மூடுபனி.

ஒஸ்மோவின் கையிலிருந்த ரொட்டி காபிக்குள் விழுந்தது.

"இத... இத எங்க கத்துக்கிட்ட?"

"லக்கா பறிக்கப் போன எடத்துல."

மறுநாளே ஒஸ்மோ தட்டுகளையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றினான், 'பனிக்கோட்டை' உட்பட. வீட்டில் அசலே இருக்கும்போது நகல் எதற்கு? எல்லாவற்றையும் தேவாலயத்துப் பழைய சாமான் சந்தையில் இறக்கிவிட்டு ஓடிவந்து, சவுனா அடுப்பை மூட்டி, பலகையில் உட்கார்ந்தான்.

"பாடு ஐலி."

அவள் கல்மேல் தண்ணீரை ஊற்றினாள். ஆவி சீறி அடங்கியது.

"வேணாம். கல்லு குளிர்ந்துடும்."

"அது... அன்னைக்கு ஏதோ வாய் தவறி..."

"தவறலய்யா. நீ தீர்ப்பு எழுதுறவனாச்சே."

"நான் என்னதான் பண்றது இப்போ?"

"தட்டு இருக்குல்ல? போட்டுக் கேளு."

தட்டு ஏது? சந்தைக்கு ஓடினான். 'பனிக்கோட்டை' மட்டும் விற்றுப் போயிருந்தது.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் என் வேலியோரம் ஒஸ்மோ விறகு பிளக்கிறான். என் ஜன்னலில் மூன்றாவது பாட்டு வரும்போது கோடாலிச் சத்தம் நின்றுவிடும். பாவம், முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்தத் தட்டை என்னை வாங்கச் சொன்னதும், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னதும் ஐலிதான். இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்!