இரண்டு பட்டன்தானே, பிள்ளை

"இரண்டு பட்டன்தானே" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். ஏடிஎம் வரிசையில் நிற்கும் யாரோ ஒரு மனிதர் தன் மனைவியிடம் சொன்னாலும் சரி, திரும்பி முறைப்பேன். (அவர் என்ன பாவம் செய்தார்?) கோபம் வந்தால் நான் முன்பின் பார்ப்பவள் அல்ல. அப்படிப் பார்க்காமல் விட்ட ஒரு வியாழக்கிழமையைப் பற்றித்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம், அந்த வழியாகத்தான் இன்னமும் பஸ்ஸில் போகிறேன்) ஒப்பந்த வேலை. பாடக்குறிப்புகளை ஏற்றவும் பரீட்சை வைக்கவும் மாணவர்கள் எழுதித் தரும் ஒப்படைகளை வாங்கவும் எல்எம்எஸ் என்று ஓர் இணையத்தளம் அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்த விரிவுரையாளர்களுக்கு 'உதவுவது' என் கடமை என்று நியமனக் கடிதம் சொன்னது. உதவுவது என்றால் கற்றுக்கொடுப்பது என்று வெகுளியாக நம்பி, படம் போட்ட கையேடு ஒன்றுகூடத் தயாரித்தேன். அதன் முதல் பாடம்: "எதைச் செய்வதற்கு முன்னும், திரையின் மேல் மூலையில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள்." இந்த முதல் பாடத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

கையேட்டை ஒருவரும் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் அறைக்குத் துண்டுக் கடதாசிகள் வந்தன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு விரிவுரையாளரின் கடவுச்சொல். "நங்கி, இதை வைத்துக்கொண்டு நீங்களே போட்டுவிடுங்கள்" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். தங்கை என்று கூப்பிட்டபின் மறுக்கவா முடியும்? என்னோடு வேலை செய்த கட்டுகஸ்தோட்டை ரிஸ்னா ஒரு காலி பிஸ்கட் டின் கொண்டுவந்து வைத்தாள். ஆறு மாதத்தில் டின் நிறைந்துவிட்டது. எங்கள் பீடத்தின் (ஃபெகல்டி என்றால்தான் பலருக்கு விளங்கும்) அறிவு முழுவதும் அந்தத் தகர டின்னுக்குள் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காலையில் ஒருவராகவும் மாலையில் இன்னொருவராகவும் அந்தத் தளத்துக்குள் புகுந்து அவர்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

டின்னின் அடியில் கிடந்த முதல் துண்டு, நாங்கள் 'பெரிய சேர்' என்று கூப்பிட்டவருடையது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர், மூன்று தலைமுறையாக டாக்டர்களும் நீதவான்களுமாக இருந்த குடும்பம் என்று அவரே அடிக்கடி சொல்வார். எல்எம்எஸ் குழுவின் தலைவரும் அவர்தான். இணையவழிக் கற்பித்தலின் எதிர்காலம் பற்றி எந்த மேடையிலும் ஒரு மணி நேரம் பேசுவார்; அந்தத் தளத்தை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அவருடைய நான்கு பாடங்களையும் மூன்று வருடமாக நான் கட்டி நிறுத்தினேன். மூன்றாம் வருடம் பீடத்தின் மிகச் சிறந்த இணையவழி ஆசிரியர் என்ற சான்றிதழ் அவருக்குக் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி எங்கே கிடைக்கும் என்று என்னிடம்தான் கேட்டார். (வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.)

அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். திங்கட்கிழமை தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அதற்குள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்துவிட வேண்டும் என்று பீடாதிபதி மேடம் உத்தரவு போட்டிருந்தார். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீடிப்பதென்றால் பெரிய சேர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போனபின் கெலிஓயாவில் நானும் அம்மாவும் இருந்த வாடகை வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சியை நடத்தினேன். வந்தவர்கள் ஒன்பது பேர். மதியம் போன பிரியாணிப் பார்சல் நாற்பது.

மாலை நான்கு மணி. கம்பளை பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தோளில் போட்டுவிட்டேன். தொலைபேசி அடித்தது. பெரிய சேர்.

"பிள்ளை, என்ர நோட்ஸ் எல்லாம் படம் பிடிச்சு வட்ஸ்அப்பில போட்டிருக்கிறன். அதை ஒருக்கா ஏத்திவிடும்."

நாளைக் காலை செய்கிறேனே, பஸ் போய்விடும் என்றேன். அவர் சிரித்தார்.

"இதென்ன பெரிய வேலையே? ரெண்டு பட்டன்தானே, பிள்ளை."

நாற்பத்தேழு படங்கள். பாதி தலைகீழ். ஒன்றில் அவருடைய கட்டைவிரல், இன்னொன்றில் மீன்குழம்பு. டின்னிலிருந்து அவருடைய துண்டை எடுத்து, அவராக உள்ளே புகுந்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஏற்றி முடித்தபோது ஐந்தே கால். மீதமிருந்தது ஒரே வேலை: திங்கட்கிழமைக்கு முன் பாடங்களை ஏற்றுங்கள் என்று தளத்தில் ஓர் அறிவித்தல் போட வேண்டும்; போட்டால் அது எல்லா விரிவுரையாளர்களுக்கும் மின்னஞ்சலாகவும் போகும். இரண்டு வரி போதும். எழுத உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

ஆங்கிலத்தில் எழுதினேன், பல்கலைக்கழகத்தில் கோபத்தை அந்த மொழியில் காட்டினால்தான் மரியாதை. சாரம் இதுதான்: இரண்டு பட்டன்களை அமுக்கக் கற்றுக்கொள்ளாமலேயே நம்மில் சிலர் பேராசிரியர்களாகிவிட்டோம். நம் வேலையை மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுச் சான்றிதழை மட்டும் நம் சுவரில் மாட்டிக்கொள்கிறோம். என் அம்மா முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அறுபதாவது வயதில், ஒரே மத்தியானத்தில், தொலைபேசியில் படம் அனுப்பக் கற்றுக்கொண்டார். அவரைவிட நாம் எதில் உயர்ந்துவிட்டோம்?

'நம்மில்' என்று போட்டது நாகரிகத்துக்காக. பெயர் சொல்லவில்லையே தவிர, யாரைச் சொல்கிறேன் என்று பீடத்துப் பூனைக்கும் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று பட்டனை அமுக்கினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

கெலிஓயா வருவதற்குச் சற்று முன்னால் ரிஸ்னா அழைத்தாள். "மெயிலப் பாத்தீங்களா? உங்கட பெரிய சேருக்கு என்ன நடந்த?"

பார்த்தேன். நான் எழுதியது எனக்கே வந்திருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் பெரிய சேரின் பெயரும், டை கட்டிய படமும் இருந்தன. நான் இன்னும் அவராகவே இருந்திருக்கிறேன்! மூன்று வருடம் ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்ன முதல் பாடம். தளத்தில் அழிக்கலாம்; நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்த மின்னஞ்சலை எப்படி அழிப்பது? கிரீடம் அங்கேயே கழன்று விழுந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்ற வீராங்கனை, வாடகையை நினைத்து இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் என் நீடிப்புக் கடிதம், கையெழுத்தில்லாமல். சுவரில் சான்றிதழ், நான் வாங்கிக் கொடுத்த ஆணியில். அழக்கூடாது என்று உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. நேற்றிரவு பீடாதிபதி மேடம் அவரை அழைத்துத் தழுதழுத்திருக்கிறார். இவ்வளவு பணிவாகத் தன் குறையை ஒப்புக்கொண்ட பேராசிரியரை இதுவரை கண்டதில்லையாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதை இத்தனை நாள் மறைத்துவிட்டாரே என்று நெகிழ்ந்திருக்கிறார். அந்த மடலைத் தரமதிப்பீட்டுக் குழுவின் முன்னால் வாசிக்கப் போகிறார்களாம். 'எழுதியது நானல்ல, பிஸ்கட் டின்காரப் பிள்ளை' என்று பெரிய சேர் சொல்லலாம். சொன்னால் மூன்று வருடப் பாடங்களும் யார் செய்தது என்ற கேள்வி வரும். சுவர் வெறுமையாகிவிடும்.

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு அல்ல. குறிப்பெடுக்க.

"உம்மட அம்மா எந்தத் தோட்டம், பிள்ளை? ஆரும் கேட்டால் சொல்ல வேணும்."

வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. என் சான்றிதழை எடுத்தீர்கள், இப்போது என் அம்மாவையும் எடுக்கிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். நான் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். "கலஹாப் பக்கம், சேர்" என்றேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எத்தனை காம்பரா, அதாவது எத்தனை அறை, என்று கேட்டார், அதையும் சொன்னேன். வயதைக் கேட்டார். அறுபத்திரண்டு என்றேன். அவர் பேனா நின்றது. அவருக்கு வயது அறுபத்து மூன்று.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மலர்ந்தார்.

"அந்த அறுபதை எண்பதாக்கிவிடும். ரெண்டு பட்டன்தானே."

ஆக்கினேன். அவராக உள்ளே புகுந்து, என் அம்மாவுக்கு இருபது வயதைக் கூட்டிவிட்டு வந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். மின்னஞ்சலில் அறுபது அப்படியே இருந்தது. அவ்வளவு படித்தவர்களில் ஒருவர்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மண்டபத்தில் அவர் பேசினார். லயத்துக் காம்பரா, மழையில் நனைந்த கூடை, அட்டை கடித்த கால். (அட்டையை நான் சொல்லவில்லை. அது அவருடைய சொந்தக் கற்பனை.) குரல் இடறியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அவருடைய படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு மேடையோரம் கணினியில் இருந்தவள் நான்தான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பார்த்தவர்கள் நெகிழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள். அது கொலைவெறி. அவர் மேல் பாதி, தோட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்த என் மேல் பாதி.

இரண்டு நாளில் மறுபடி அழைத்தார். புதிய படங்கள், ஏற்ற வேண்டுமாம். கையில் நீடிப்புக் கடிதம் இருந்த தைரியத்தில் மெதுவாகச் சொன்னேன்.

"நீங்களே போட்டுப் பாருங்க சேர். உங்க அம்மாவே எண்பது வயசுல கத்துக்கிட்டாங்களே."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்றைக்கே டின்னைக் கவிழ்த்து, துண்டுகளை உறைகளில் போட்டு, உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். கூடவே கையேட்டின் முதல் பக்கத்தையும். நீடிப்பில் கிடைத்த ஒரு வருடத்தை முடித்துவிட்டு நானே விலகினேன். இப்போது பிலிமத்தலாவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணினி கற்பிக்கிறேன். என் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அடிப்பார், குறைந்தது ஒரு வாரம் பேசமாட்டார் என்று பயந்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரிய சேருக்குப் பெயர் 'மூத்தவன்'. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டால் மூத்தவனுக்கு என்று ஒரு முறுக்கை எடுத்து வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தொடங்குவார்.

"பொண்ணு ஒண்ணு, இந்தா நிக்கிறா. மகன் ஒருத்தன் பேராசிரியரா இருக்கான். என்னவிட ஒரு வயசு மூத்தவன். மேடையில எனக்காக அழுதானாம், வீட்டுப் பக்கம்தான் ஒரு நாளும் எட்டிப் பாக்கல."